ஹைட்ரஜன் கிட் ஃப்யூஸை எரிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர்களிடம் மாதம் ஒரு முறையாவது இப்படி ஒரு வண்டி வந்து நிற்கும். பானட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டெயின்லெஸ் பெட்டி, அதிலிருந்து ஏர் ஃபில்டருக்கு ஒரு ஹோஸ், நடுவில் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டில், அதாவது பபுளர். வீட்டிலேயே செய்த ஹைட்ரஜன் ஜெனரேட்டர். ஹெச்.ஹெச்.ஓ. கிட் என்றும் சொல்வார்கள். பெட்டிக்குள் அடுக்கிய ஸ்டெயின்லெஸ் பிளேட்டுகள் வழியாகத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவை என்ஜினுக்குள் விடுகிற ஏற்பாடு இது. மைலேஜ் கூடும் என்று நம்பி மாட்டுவார்கள்.

கொண்டுவருகிறவர்கள் சொல்லும் புகாரும் அநேகமாக ஒன்றுதான்: "ஃப்யூஸ் நிக்கலைங்க." அவர்கள் கேட்கும் தீர்வும் ஒன்றுதான்: "பெரிய ஃப்யூஸா போட்டுக் குடுத்துருங்க." அந்தத் தீர்வை மட்டும் யாரும் செய்யக் கூடாது. இதை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம். ஃப்யூஸ் போவது கோளாறு அல்ல, கோளாறு இருக்கிறது என்று வண்டி நமக்குச் சொல்கிற வழி.

கை வைப்பதற்கு முன்

என்ஜினை நிறுத்துங்கள். கிட்டின் சுவிட்சையும் அணையுங்கள். பானட்டைத் திறந்து கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றக்கூடியது. 75 சதவீதம் வரை அந்த ஆபத்து நீடிக்கும். பெட்டிக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் இருப்பது இன்னும் மோசம். அங்கே ஆக்சிஜன் ஏற்கெனவே சரியான அளவில் கலந்தே இருக்கிறது. அதற்குத் தேவையான பொறி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. அதனால் பேட்டரி கிளிப்பைக் கழற்றுவதுகூட வாயு கலைந்த பிறகுதான். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் பட்டறைக்கு வெளியே நிற்கட்டும்.

பெட்டிக்குள் இருக்கும் காஸ்டிக் பொட்டாஷ் கரைசல் (தண்ணீரில் மின்சாரம் பாய்வதற்காகக் கரைக்கும் காரம்) தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கருவிகளில் ஒரு விஷயம். கடையில் கிடைக்கும் விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல, ஏ.சி. ஆம்பியரை மட்டும்தான் அளக்கும். வண்டியில் ஓடுவது டி.சி. அதை வாங்கிவந்து 'பூஜ்யம் காட்டுகிறது, கரண்டே போகவில்லை' என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. டி.சி. கிளாம்ப் மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் 50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷண்ட் (கரண்டை அளப்பதற்கான, அளவு தெரிந்த சிறு தடை) ஒன்றை நெகட்டிவ் கம்பியில் சேர்த்து, மல்டிமீட்டரால் அதன் இரு முனைகளையும் அளந்தால் போதும். 15 மில்லிவோல்ட் காட்டினால் 10 ஆம்பியர் போகிறது என்று அர்த்தம். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் நேராகச் சொருகிப் பார்க்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

முதலில் எரிந்த ஃப்யூஸைப் படியுங்கள்

தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது சொல்வதை வைத்துத்தான் அடுத்து எங்கே தேடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

உள்ளே இருக்கும் கம்பி வெடித்துச் சிதறி, பிளாஸ்டிக் உள்பக்கம் கறுத்திருந்தால் நேரடி ஷார்ட். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரு கணத்தில் பாய்ந்திருக்கிறது. கம்பி நடுவில் மட்டும் அமைதியாக உருகி இடைவெளி விட்டிருந்தால் அது ஓவர்லோடு. கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் ஏறி, தாங்க முடியாமல் போயிருக்கிறது. மூன்றாவது வகை, கம்பி முழுசாக இருக்கும், ஆனால் ஃப்யூஸின் காலும் அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரும் உருகியிருக்கும். அங்கே கரண்ட் அதிகமில்லை, பிடிமானம்தான் லூஸ்.

அறிகுறி: சுவிட்ச் போட்ட உடனே ஃப்யூஸ் போகிறது

இது கறுத்த ஃப்யூஸ் வகை. கண்டுபிடிக்க இருப்பதிலேயே சுலபமான கோளாறும் இதுதான். புது ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு எரித்துப் பார்க்க வேண்டாம். ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் ஒரு பழைய 60 வாட் ஹெட்லைட் பல்பை இரண்டு கம்பியோடு இணையுங்கள். ஷார்ட் இருந்தாலும் 5 ஆம்பியருக்கு மேல் போகாது, பல்பு எரியும், அவ்வளவுதான்.

பெட்டிக்குப் போகும் பாசிட்டிவ் கம்பியைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக வையுங்கள். இப்போது சுவிட்சைப் போட்டால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிகிறதா? அப்படியானால் ஷார்ட் கம்பியில்தான். ஃபயர்வாலை, அதாவது என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் கம்பி உரசியிருக்கும், அல்லது எக்ஸாஸ்ட் பக்கம் படுத்து உருகியிருக்கும். எரியவில்லையென்றால் கம்பி சரி, கோளாறு பெட்டிக்குள். கரைசலை முழுக்க வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு அலசி, காய்ந்த பிறகு கம்பியை மாட்டிப் பாருங்கள். வெறும் பெட்டியில் பல்பு எரியவே கூடாது. எரிந்தால் இரண்டு பிளேட்டுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி, பிளேட்டுகளைப் பிரித்து வைக்கும் கேஸ்கெட் பிதுங்கியிருக்கும், அல்லது வெட்டும்போது பிளேட் ஓரத்தில் விட்ட பிசிறு அடுத்த பிளேட்டைத் தொட்டிருக்கும். அரம் போட்டு வழித்துவிட்டு மறுபடி அடுக்குங்கள். கரைசல் உள்ளே இருக்கும்போது பல்பு மங்கலாக எரிவது இயல்பு, அதை ஷார்ட் என்று நினைக்காதீர்கள்.

அறிகுறி: கால் மணி, அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு ஃப்யூஸ் போகிறது

பத்து வண்டி வந்தால் ஏழெட்டு இந்த ரகம். அதனால் இங்கே நிதானமாகவே சொல்கிறேன்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் தன் ஜீப்பில் தானே கிட் செய்து மாட்டியிருந்தார். நல்ல கைவேலை. டிசம்பர் மாதம், விடியற்காலையில், மேலேயே கரைசல் கலக்கி, மீட்டரில் 15 ஆம்பியர் வரும்வரை காஸ்டிக் பொட்டாஷ் சேர்த்து, 20 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, மலையிறங்கினார். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி அடிவாரம் வருவதற்குள் ஃப்யூஸ் போய்விட்டது. அங்கேயே 30 போட்டார். அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் கம்பி மேல் சுற்றிய பிளாஸ்டிக் உருகி நாற்றம் வர, வண்டியை ஓரங்கட்டி எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, காலைல 15 தாங்க காட்டுச்சு. நான் ஒண்ணுமே தொடலைங்க. 40 போட்டா நின்னுருங்களா?"

"நிக்காதுங்க. வண்டிதான் எரியும். அப்படியே சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு மெதுவா வாங்க."

அவர் எதையும் தொடவில்லை என்பது உண்மைதான். ஆனால் சூடு தொட்டுவிட்டது. உப்போ காரமோ கரைந்த தண்ணீர், சாதாரணக் கம்பிக்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். கம்பி சூடானால் கரண்ட் குறையும். கரைசல் சூடானால் கரண்ட் ஏறும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் கடத்தும் திறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். ஏற்காட்டு விடியலில் 14 டிகிரியில் இருந்த கரைசல், பானட்டுக்குள் ரேடியேட்டர் அனலில் 60 டிகிரிக்கு வந்தால் கரண்ட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காலையில் 15 காட்டியது அடிவாரத்தில் 28. கரண்ட் ஏறினால் இன்னும் சூடு, சூடு ஏறினால் இன்னும் கரண்ட். நிறுத்த ஆளில்லாமல் தானாகவே ஏறிக்கொண்டு போகும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. மேலே ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், கீழே சேலம் 280 மீட்டருக்குப் பக்கம். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே அளவு வாயு அங்கே கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். பபுளரில் குமிழ்கள் அமோகமாக வரும். அதைப் பார்த்து 'வாயு நன்றாக வருகிறது' என்று நம்பிவிடக் கூடாது. ஆம்பியரைப் பாருங்கள், குமிழைப் பார்க்காதீர்கள்.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? பாதி என்ஜினிலிருந்து என்றாலும் மீதி பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. தண்ணீரைப் பிரிக்க அடுத்தடுத்த இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவில் 1.23 வோல்ட்டாவது வேண்டும். 1.48 வோல்ட் கொடுத்தால் சூடும் ஆகாது, குளிரவும் செய்யாது. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு துளியும் வெறும் சூடுதான். நடைமுறையில் 1.8 முதல் 2.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல பெட்டி. என்ஜின் ஓடும்போது வண்டியில் 13.8 வோல்ட் இருக்கும். இரண்டே பிளேட் போட்ட பாட்டிலுக்கு அந்த 13.8-ம் ஒரே இடைவெளியில் இறங்குகிறது. 10 ஆம்பியர் விட்டால் 138 வாட்டில் 123 வாட் சூடாகவே போகும். டீ போடலாம், வாயு வராது. ஏழு பிளேட் அடுக்கி, இரண்டு ஓரத்துக்கு மட்டும் கம்பி கொடுத்து, நடுவில் ஐந்தைச் சும்மா விட்டால் ஆறு இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் 2.3 வோல்ட். அதே 10 ஆம்பியரில் சூடு 49 வாட். எட்டு பிளேட், ஏழு இடைவெளி என்றால் ஒவ்வொன்றுக்கும் 1.97 வோல்ட், சூடு 34 வாட்டுக்கு வந்துவிடும். அந்த எஸ்டேட் ஜீப்பில் நான்தான் திறந்து பார்த்தேன், நாலே இடைவெளி.

ஆகவே செய்ய வேண்டியது இந்த வரிசையில். முதலில் பெட்டியின் இடத்தை மாற்றுங்கள். ரேடியேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தள்ளி, முன்பக்க பம்பருக்குப் பின்னால் காற்று நேராக மோதும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அடுத்து இடைவெளிகளை எண்ணுங்கள், ஆறோ ஏழோ இல்லையென்றால் பிளேட் சேருங்கள். பிளேட்டின் பரப்பையும் கணக்கில் வையுங்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு அரை ஆம்பியருக்கு மேல் இழுத்தால் பெட்டி எப்படியும் கொதிக்கும் என்பது இந்த வேலையில் பழகியவர்கள் எல்லோரும் கையாளும் அளவு. அப்புறம்தான் கரைசல்.

கரைசலைக் குளிரில் அளவு பார்த்துக் கலக்கவே கூடாது. வடித்துவிட்டு, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, காஸ்டிக் பொட்டாஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும். பொட்டாஷ் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். முதலில் வேண்டிய கரண்டில் பாதி வரும் அளவுக்கே கலக்குங்கள். வண்டியை முக்கால் மணி நேரம் ஓட்டி, பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகு மீட்டரைப் பாருங்கள். அந்தச் சூட்டில் 10 ஆம்பியர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காலையில் 5 ஆம்பியர்தான் காட்டும். காட்டட்டும். அதைப் பார்த்துப் பொறுமையில்லாமல் இன்னொரு கரண்டி போட்டால் மறுபடி அடிவாரத்தில் நிற்க வேண்டியதுதான்.

கரண்டை வேகமாகத் திறந்து மூடி அளவைக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர் மாட்டலாமா என்று கேட்பார்கள். மாட்டலாம். ஆனால் கையால் நாபைத் திருகி வைக்கும் சாதாரண ரகம் சூட்டோடு ஏறும் கரண்டைத் தடுக்காது, நாம் வைத்த விகிதத்திலேயே திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஆம்பியரை உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் அளவை வைப்பது சூட்டில்தான்.

அறிகுறி: வாரக்கணக்கில் சரியாக ஓடியது, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆம்பியர் ஏறுகிறது

பெட்டிக்குள் குறைவது தண்ணீர் மட்டும்தான், காஸ்டிக் பொட்டாஷ் அப்படியே தங்கிவிடும். தண்ணீர் குறையக் குறையக் கரைசல் கெட்டியாகும், கரண்ட் ஏறும். குறைந்த இடத்துக்கு வெறும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கலந்து வைத்த கரைசலையே ஊற்றி நிரப்புவதுதான் பலர் செய்யும் தவறு. ஆறு இடைவெளிப் பெட்டி 10 ஆம்பியரில் நிமிடத்துக்குச் சுமார் 0.6 லிட்டர் வாயு தரும். ஒரு லிட்டர் தண்ணீர் 1,860 லிட்டர் வாயுவாகப் பிரியும். அப்படிப் பார்த்தால் ஒரு லிட்டர் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்குக் கிட்டத்தட்ட வரும். உங்கள் வண்டி அதைவிட வேகமாகக் குடித்தால் தண்ணீர் வாயுவாகப் போகவில்லை, ஆவியாகப் போகிறது. மேலே சொன்ன சூட்டுக் கணக்குக்குத் திரும்புங்கள்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் ஊர் போர் தண்ணீர் எவ்வளவு கடினம் என்பது வீட்டு கெய்சரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் படிவம் பிளேட்டிலும் படியும். கடையில் 'பேட்டரி தண்ணி' என்று கேட்கும்போது ஆசிட்டைக் கொடுத்துவிடாமல் பார்த்து வாங்குங்கள். சமையல் உப்பு போட்டால் குளோரின் வாயு வரும், அது விஷம். சமையல் சோடா போட்டால் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து வரும்.

கரைசல் பழுப்பாகி அடியில் சேறு தங்கினால் பிளேட் கரைகிறது. இங்கே பிளேட்டின் ரகம் முக்கியம். சேலம் உருக்காலை இருக்கிற ஊரில் ஸ்டெயின்லெஸ் தகட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாத் தகடும் ஒன்றல்ல. துண்டுத் தகடு வாங்கும்போது ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். இறுக்கமாக ஒட்டினால் அது 430 போன்ற ரகம், இதற்கு உதவாது. 316எல் கிடைத்தால் நல்லது, 304 பரவாயில்லை. அந்தப் பழுப்பு, மஞ்சள் தண்ணீரில் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைந்திருக்கலாம். சாக்கடையில் ஊற்றினால் அது திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும். ஏற்கெனவே அந்த ஆறு படும் பாடு போதும். மூடிபோட்ட கேனில் எடுத்து வைத்து, அபாயக் கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள்.

அறிகுறி: ஃப்யூஸ் நிற்கிறது, ஆனால் ஹோல்டரோ கம்பியோ உருகுகிறது

ஒரு லூஸ் இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தாலே போதும். 20 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு புள்ளியில் 20 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயனை எந்நேரமும் ஹோல்டருக்குள் செருகி வைத்தது மாதிரி. ஃப்யூஸுக்கு இது தெரியாது, அதன் வழியாகப் போகும் ஆம்பியர் சரியாகத்தானே இருக்கிறது.

கிட் ஓடும்போது மல்டிமீட்டரின் சிவப்பை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பைப் பெட்டியின் பாசிட்டிவிலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் தாண்டினால் நடுவில் எங்கோ தின்கிறது. ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திப் பார்த்தால் எந்த இடம் என்று மீட்டரே காட்டிவிடும். நெகட்டிவ் பக்கத்தையும் மறக்காமல் பாருங்கள். பெயிண்டைச் சுரண்டாமல் பாடியில் முறுக்கிய எர்த் போல்ட், பாசிட்டிவைவிட அதிகம் தொல்லை கொடுக்கும். முடிந்தால் எர்த்தையும் பேட்டரி நெகட்டிவுக்கே தனிக் கம்பியாக இழுத்துவிடுங்கள்.

கம்பி: 10 ஆம்பியர் கிட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 15 ஆம்பியர் ஃப்யூஸ். 15-க்குப் போகிறவர்கள் 6 சதுர மில்லிமீட்டர், 20 ஆம்பியர் ஃப்யூஸ். நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என்று நிறத்தை மனதில் வையுங்கள். இந்தப் பெட்டிகளில் பச்சையைப் பார்த்தாலே கேள்வி கேட்க வேண்டும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் ஃப்யூஸை வைத்தால் நடுவில் உள்ள கம்பிக்குப் பாதுகாப்பே இல்லை. ஃப்யூஸ் கிடைக்கவில்லை என்று செம்பு இழையைச் சுற்றுவது, சிகரெட் காகிதத்தின் வெள்ளித் தாளை மடித்துச் செருகுவது, இவற்றையெல்லாம் ஹைட்ரஜன் ஓடும் வண்டியில் செய்யவே செய்யாதீர்கள்.

சூடு பார்க்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளப்பான ஸ்டெயின்லெஸ் மேல் நேராக அடித்தால் குறைத்துத்தான் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும்.

அறிகுறி: ஹெட்லைட் மங்குகிறது, சார்ஜ் விளக்கு எரிகிறது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

இங்கே ஓவர்லோடு ஆவது கிட் அல்ல, டைனமோ. அதன் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியர் என்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் அதில் பாதிகூட வராமல் போகலாம். மே மாதக் கோடை விழா நேரத்தில் ஏற்காடு மலைப்பாதையில் வண்டிகள் வால்பிடித்து நிற்கும்போது நிலைமையை யோசித்துப் பாருங்கள். மாலை, மூடுபனி. இரண்டு ஹெட்லைட் 8 ஆம்பியர், ஃபாக் லைட் இன்னொரு 8, வைப்பர், புளோயர், ஃபேன், பெட்ரோல் வண்டி என்றால் ஃப்யூவல் பம்பும் இக்னிஷனும். இதற்கு மேல் கிட்டுக்கு 15. டைனமோ கொடுக்காததை பேட்டரி கொடுக்கும். பேட்டரி அதை ராத்திரி முழுக்க யாரிடமும் திருப்பி வாங்க முடியாது.

சோதனை சுலபம். எல்லாவற்றையும் போட்டு, என்ஜினை ஐடிலில் விட்டு, பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். 13.5-க்கு மேல் நின்றால் பிழைத்தீர்கள். 13-க்குக் கீழே போனால் கிட்டை அணையுங்கள். உடனே ஏறினால் காரணம் தெரிந்துவிட்டது. அணைத்தும் ஏறவில்லையென்றால் டைனமோவே அடிவாங்கியிருக்கலாம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அதே முனைகளில் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே டயோடு போயிருக்கிறது. பெல்ட் கீச்சிடுவதும் இதே கதைதான்.

தீர்வாகப் பெரிய டைனமோ மாட்டலாம் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட விரும்புகிறேன். 10 ஆம்பியர், 13.8 வோல்ட், 138 வாட். அதைக் கொடுக்க டைனமோ என்ஜினிடமிருந்து சுமார் 240 வாட் வாங்குகிறது. ஆறு இடைவெளிப் பெட்டியில் அதிலிருந்து வரும் ஹைட்ரஜனில் இருப்பது சுமார் 75 வாட் எரிசக்தி. என்ஜின் அதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், 20 வாட்டுக்குப் பக்கம். 240 கொடுத்து 20 வாங்குகிறோம். இந்தக் கணக்கை மீறி ஒரு வண்டியில் பெட்ரோல் மிச்சமானதை நான் முழு டேங்க் அளந்து பார்த்ததில்லை. மைலேஜுக்காக மாட்டியவர் என்றால் கழற்றிவிடுவதுதான் இந்த அறிகுறிக்கு நல்ல வைத்தியம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இருக்கும். ஆசைக்காக, கற்றுக்கொள்வதற்காகச் செய்தவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் பட்டறை மேசையில், காற்றோட்டமான இடத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

அறிகுறி: சாவியை எடுத்த பிறகும் பபுளரில் குமிழ் வருகிறது

உடனே பானட்டைத் திறந்து காற்றோட்டம் விட்டு, ஃப்யூஸை எடுங்கள். ரிலேவின், அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சின், காண்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓவர்லோடில் சூடேறி வெல்டு ஆகியிருக்கும். என்ஜின் இழுக்காமல் நிற்கும்போது வாயு ஏர் ஃபில்டரிலும் பானட்டுக்குள்ளும் தேங்குகிறது. அடுத்த ஸ்டார்ட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ரிலேவைத் தட்டி எடுத்து மறுபடி போடாதீர்கள், மாற்றுங்கள். 30-ஆம் காலுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, 87-லிருந்து பெட்டிக்கு, 85, 86 காயிலுக்கு. காயிலுக்கான மின்சாரத்தை சாவியிலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. என்ஜின் நின்றும் சாவி ஆனில் இருந்தால் வாயு வந்துகொண்டே இருக்கும். ஃப்யூவல் பம்ப் ரிலே மாதிரி, என்ஜின் சுற்றும்போது மட்டும் உயிரோடு இருக்கும் இடத்திலிருந்து எடுங்கள். ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டால் காயிலுக்கு வோல்ட் போதவில்லை, முந்தைய டைனமோ சோதனையைச் செய்யுங்கள்.

கண்ட்ரோலர் எரிவது, ரேடியோவில் இரைச்சல் வருவது, செக் என்ஜின் விளக்கு எரிவது, இவை பெரும்பாலும் எர்த்தும் கம்பி நீளமும் சம்பந்தப்பட்டவை. கண்ட்ரோலரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் அநேகமாக அடங்கிவிடும்.

அறிகுறி எதுவாக இருந்தாலும், மூடுவதற்கு முன் பபுளரைப் பாருங்கள். தண்ணீர் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், என்ஜின் பக்கத்துத் தீ திரும்பி வந்தால் நிறுத்துவது அந்தத் தண்ணீர்தான். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடித்தால் சில்லு பறக்கும். நிறமற்ற பாலிகார்பனேட் டப்பாவும் காரத்தில் நாளடைவில் வெடிப்பு விடும்.

எஸ்டேட் ஜீப்பில் கடைசியாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏழு இடைவெளிப் பெட்டி, கிரில்லுக்குப் பின்னால் மாட்டினோம். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, பேட்டரி முனையில் நீல ஃப்யூஸ், புது ரிலே. கரைசலைச் சேலத்தில், மதியம், சூடேற்றிவிட்டுக் கலந்தோம். பிறகு அவர் ஓட்ட, நான் ஷண்ட்டில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஏற்காடு போய் வந்தோம். ஒவ்வொரு ஐந்தாவது வளைவிலும் நிறுத்தி எண்ணைச் சிகரெட் அட்டையில் எழுதினார். அன்று ராத்திரி ஜீப்பை மேலேயே விட்டுவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தபோது 4.5. இறங்கி வரும்போது இருபதாவது வளைவில் 5, பத்தாவதில் 7, அடிவாரத்தில் 9. கண்ணங்குறிச்சி தாண்டி ஊருக்குள் நெரிசலில் அரை மணி நேரம் நின்றும் 10.5-க்கு மேல் போகவில்லை. ஃப்யூஸைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும்தான்.